விரல் கேட்கும் கதவு

1. முதல் நாள்

முதல் நாளே கதவு என்னை உள்ளே விடவில்லை.

கார்த்திகை மாதக் குளிர். கிழக்கு லண்டனில் ஒரு ஹை ஸ்ட்ரீட். கீழே பலசரக்குக் கடை, மேலே எம்.பி.யின் கந்தோர், அதாவது ஆபீஸ். கடைக்குப் பக்கத்தில் மேலே போகிற சின்னக் கதவு. அதில் சாவி போடுகிற ஓட்டை இல்லை. கைப்பிடிக்கு மேலே ஒரு கறுப்புப் பெட்டி, நடுவில் கண்ணாடி. அதில் விரலை வைத்தால் பச்சை லைட் எரிந்து கதவு திறக்கும். கிளீனிங் வேலைக்கு எடுத்த அன்று மவுரீன் என் விரலை அதில் பதிந்திருந்தா. மவுரீன் எம்.பி.யின் செக்ரட்டரி. கனகாலமாய் அவரோடு இருக்கிறவ.

வைத்தேன், சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தேன், சிவப்பு. மற்ற விரலை வைத்தேன். அதுவும் சிவப்பு.

நான் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கந்தோர் என்று பல வருசம் கிளீனிங் செய்தவள். ப்ளீச்சும் சுடுதண்ணீரும் விரல் நுனியைத் தேய்த்து, பாவித்த சவர்க்காரக் கட்டி மாதிரி ஆக்கி விட்டன. அன்று வரைக்கும் அது ஒரு குறையாக எனக்குத் தெரிந்ததில்லை.

கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டு நின்ற யோகன் பார்த்துவிட்டார். அவர் ஜெர்மனியில் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். இந்த வேலையை எடுத்துத் தந்ததும் அவர்தான்.

"என்னக்கா, கதவோட சண்டையோ?"

"திறக்குதில்லைத் தம்பி."

"உது படிச்ச ஆக்களின்ர விரலைத்தான் வாசிக்கும். எங்கட விரலுக்குக் கடைக் கதவு. இஞ்சால வாங்கோ."

அரிசி மூட்டைகளுக்கு இடையால் கூட்டிக்கொண்டு போனார். பின்னுக்கு ஒரு பழைய படி. அதன் கதவுக்கு ஒரு சாதாரணச் சாவி. அதைக் கையில் தந்து, "வைச்சிருங்கோ, நான் தேடமாட்டன்" என்றார்.

எங்கட முதியோர் சங்க மலரில் இளம் பிள்ளைகளுக்காக வேலை அனுபவம் எழுதச் சொன்னார்கள். மேடையில் கதைக்கச் சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. படித்ததும் ஊரில் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். எழுதுவது என்றபடியால் ஓம் என்றேன். தொகுதியின் பெயரும் கட்சியின் பெயரும் போடவில்லை. எம்.பி.க்கு மிஸ்டர் வெதர்பி என்று நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அவரும் மவுரீனும் கதைத்தது இங்கிலீசில். எனக்கு விளங்கின மாதிரி எழுதுகிறேன்.

கதவு விசயத்தை மவுரீன் அவரிடம் சொன்னா. அவர் கோட் பொக்கட்டில் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எப்போதும் இருக்கும். அதோடு இறங்கி வந்து பெட்டியைக் கழற்றினார், ஊதினார், திரும்பப் பூட்டினார். என் விரலைத் தானே பிடித்து வைத்துப் பார்த்தார். சிவப்பு.

"கவலைப்படாதீங்கோ மிஸஸ் பி. அடுத்த வெர்ஷனில சரிவரும்."

என் பெயர் புவனேஸ்வரி. அவருக்கு அது நீளம். மிஸஸ் பி என்றுதான் கடைசிவரைக்கும் கூப்பிட்டார்.

2. அம்மாவின் கோட்

ஊரில் எம்.பி. என்றால் ரோட்டுப் போட்டுத் தருவார், வேலை எடுத்துத் தருவார். இவரைக் கம்ப்யூட்டர் எம்.பி. என்பார்கள். அரசியலுக்கு வர முதல் டெலிபோன் எஞ்சினியர், கம்பத்தில் ஏறி வயர் இழுத்தவர். பார்லிமெண்டில் மற்றவர்கள் கம்ப்யூட்டரை டைப்பிஸ்ட் பிள்ளையின் சாமான் என்று நினைத்திருந்த காலத்தில் எழும்பி நின்று, ஒரு நாள் சனம் வரி கட்டுவதும் டாக்டரைப் பார்க்க நேரம் எடுப்பதும் இதால்தான் என்று சொன்னவராம். சிரித்தார்களாம்.

"சிரிச்சவை எல்லாம் மந்திரியாப் போட்டினம், லவ்" என்று மவுரீன் சொல்லுவா. "இவர் கமிட்டியிலேயே இருந்திட்டார்."

கமிட்டி என்றால், ஒரு சட்டத்தை முழுப் பார்லிமெண்டும் முடிவாக்க முதல் கொஞ்சப்பேர் ஓர் அறையில் இருந்து வரிவரியாய்ப் பார்ப்பது. டெலிபோன், இன்டர்நெட், கம்ப்யூட்டர் என்று வருகிற சட்டம் எதுவானாலும் அந்த அறையில் மிஸ்டர் வெதர்பி இருப்பார். எலெக்சனுக்கு மேல் எலெக்சன் வென்று, தலைமயிர் நரைத்து, அதே கதிரையில் இருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சர்ஜரி. ஆபரேஷன் இல்லை. தொகுதிச் சனம் வந்து தங்கட கரைச்சலைச் சொல்லுகிற நேரம். வீடு, விசா, பெனிபிட். நான் தேத்தண்ணி குடுப்பேன். எல்லாரும் போனபிறகு அவர் குசினிக்குள் வந்து நின்றபடி குடிப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்: "மிஸஸ் பி, நீங்கள் அரசாங்கக் கவுண்டரில நிண்டிருக்கிறீங்களோ?"

"கனதரம்."

"அவை முதல்ல என்னத்தைப் பார்க்கினம்?"

"முகத்தை."

"என்ர அம்மாவின்ர கோட்டைப் பார்த்தவை." கப்பை வைத்துவிட்டுச் சொன்னார். அவருடைய தகப்பன் செத்த வருசம் தாய் உதவிப் பணம் கேட்டுப் போனாவாம். இருந்த ஒரேயொரு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனா. மரியாதைக்காக. கவுண்டரில் இருந்தவன் கோட்டைப் பார்த்துவிட்டு, இது போட வசதி இருக்கிறவைக்கு இங்கே அலுவல் இல்லை என்றானாம். இவர் அப்போது பக்கத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்.

"மெஷினுக்குக் கோட் தெரியாது மிஸஸ் பி. தோல் நிறம் தெரியாது. அதுதான் எனக்கு அதில நம்பிக்கை."

அவர் சொன்னது எனக்குப் பிழையாகப் படவில்லை. நான் வாய் திறந்தவுடன் முகம் மாறின எத்தனை கவுண்டரைக் கண்டவள்.

அந்தக் காலத்தில்தான் கைரேகைச் சட்டம் ஒன்று வந்தது. வெளியில் இருந்து வந்து பாதுகாப்புக் கேட்கிறவர்கள் விரலைப் பதியவேண்டும். வேறு நாட்டில் ஏற்கெனவே பதிந்தவர்களை அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். அப்படியானவர்கள் பிடிபடாமல் இருக்க விரலை அழித்துக்கொண்டு வருகிறார்கள் என்று கதை வந்தது. கதை பொய் இல்லை. "அடுப்புத் தகட்டில விரலை வைச்சவையை என்ர கண்ணால கண்டனான்" என்று யோகன் சொல்லியிருக்கிறார்.

மிஸ்டர் வெதர்பி அந்தச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தார். விரலை வாசிக்க முடியாதபடி வேண்டுமென்று செய்தவரின் கதையை நம்பத் தேவையில்லை. ஒருவருக்கும் விலக்கு இல்லை. ஆளைப் பார்த்து விலக்குக் குடுக்கத் தொடங்கினால் பழையபடி கோட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள் என்றார். கமிட்டி ஏற்றுக்கொண்டது. அன்று மவுரீன் கேக் வாங்கி வந்தா. நானும் ஒரு துண்டு தின்றேன்.

3. கற்பூரச்சட்டி

எங்கட அம்மன் கோயில் தேருக்கு அவர் வருசா வருசம் வருவார். சால்வை போர்த்தி மாலை போடுவார்கள். மாலையோடு குனிந்து தேர்ச் சில்லுக்கு எப்படிக் கட்டை போட்டு நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பார். அந்த வருசம் கற்பூரச்சட்டி தூக்க வரிசையில் நின்ற பெண்களைக் கண்டு என்னிடம் கேட்டார்:

"சுடாதோ?"

"நம்பிக்கை" என்றேன். எனக்கு அதற்குமேல் இங்கிலீஸ் வரவில்லை. தலையை ஆட்டினார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று, தேர் இழுக்கத் தொடங்க முதலே போய்விட்டார்.

அந்த வரிசையின் கடைசியில் சாந்தினி நின்றா. முப்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் புருசனை வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவர்கள், அதற்குப் பிறகு கதை இல்லை. தன்னையும் தேடத் தொடங்கினபோது இங்கே வந்து பாதுகாப்புக் கேட்டவ. முடிவு வரும்வரைக்கும் வேலை செய்ய விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மடப்பள்ளியில் என்னோடு இருந்து மரக்கறி வெட்டுவா. அதிகம் கதைக்கமாட்டா. அதனால் எனக்குப் பிடிக்கும்.

புருசன் உயிரோடு வரவேண்டும் என்று அவ அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன். மண்சட்டிக்குள் கற்பூரத்தைக் கொளுத்தி, கைக்கும் சட்டிக்கும் இடையில் வேப்பிலை வைத்து, தேருக்குப் பின்னால் வீதி சுற்றி வரவேண்டும். ஊரில் வெறுங்காலோடு மணலில் நடப்போம். இங்கே ஆவணி மாதத்தில் கவுன்சில் ரோட்டு.

அன்று காற்று. நெருப்பு நேராய் நிற்காமல் கைப்பக்கம் சாய்ந்தது. வேப்பிலை கருகிச் சுருண்டு விழுந்தது. நான் ஓரத்தால் கூடவே நடந்துகொண்டிருந்தேன்.

"கீழ வை பிள்ளை. அம்மன் ஒண்டும் நினைக்கமாட்டா."

"ஏலாது அன்ரி. தேர் இருப்புக்கு வரட்டும்."

தேர் வீதி சுற்றி முடித்து இருப்பிடத்தில் வந்து நின்ற பிறகுதான் சட்டியை இறக்கினா. விரல் நுனி எல்லாம் கொப்பளம். முகத்தில் ஒரு ஆறுதல். அவவை அப்படி நான் அதற்கு முதல் கண்டதில்லை.

"இனி அவர் வந்திடுவார் அன்ரி" என்றா.

அடுத்த கிழமை அவவுக்குக் கைரேகை குடுக்கிற நாள். திகதியை மாற்றித் தரக் கேள் என்றேன். கேட்டால் ஒளிக்கிறதாய் நினைப்பார்கள் என்று பயந்துபோய்க் கேட்கவில்லை. அப்படியே போனா.

4. ஓம் என்ற பதில்

அங்கே நடந்ததை அவ எனக்குச் சொன்னது மடப்பள்ளியில், பூசணிக்காய்க்கு முன்னால் இருந்து. கையில் துணி சுற்றியிருந்தது. நான்தான் வெட்டினேன்.

"மெஷின் விரலை எடுக்கேல்லை அன்ரி. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவை. மொழிபெயர்க்கிற ஒருத்தர் டெலிபோனில தமிழில கேட்டவர், உது தானாப் பட்ட காயமோ, நீங்களாச் செய்ததோ எண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"நானாத்தான் எண்டு சொன்னனான். விரும்பித்தான் எண்டு."

கத்தியை வைத்துவிட்டேன். "ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ? காத்தில பட்டது எண்டு சொல்லியிருக்கலாமே."

"அம்மன் சுட்டுப்போட்டா எண்டு என்னெண்டு சொல்லுறது? தெரியாமப் பட்டது எண்டா அதுவும் பொய். நேர்த்தி எண்டா நானா விரும்பி எடுத்ததுதானே. அதை மாத்திச் சொன்னா அவர் வருவாரோ?"

"ஏன் செய்தனீங்கள் எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை. ஓமோ இல்லையோ எண்டுதான் கேட்டவை. ஓம் எண்டவுடன பட்டனை அமத்திப்போட்டு அடுத்த கேள்விக்குப் போட்டினம். நான் சொல்ல வெளிக்கிட்டனான். டெலிபோனில இருந்தவர், கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்கோ எண்டிட்டார்."

எங்கட ஆக்கள் வேறு எதற்கும் பொய் சொல்லுவார்கள். நேர்த்திக்குச் சொல்லமாட்டார்கள். இது அந்தக் கந்தோரில் இருந்தவர்களுக்குத் தெரிய நியாயம் இல்லை.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. விரலை வேண்டுமென்று அழித்தவர் என்று விண்ணப்பதாரரே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அவர் சொல்லும் மற்றக் கதைகளையும் நம்புவதற்கில்லை. நாட்டை விட்டுப் போகவேண்டும். ஊரில் அப்போது சண்டை மும்முரம்.

வெள்ளிக்கிழமை சர்ஜரிக்கு யோகன் அவவைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார், மொழிபெயர்க்க. நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். மிஸ்டர் வெதர்பி முடிவை வாசித்தார். கடைசியில் இருந்த வரியில் விரலை வைத்தார். அது அவருடைய வரி.

"கையைக் காட்டுங்கோ" என்றார். சாந்தினி துணியைக் கழற்றிக் காட்டினா.

யோகன் சொன்னார்: "ஐயா, நீங்களும் அண்டைக்கு மாலையோட நிண்டனீங்கள்தானே."

"நிண்டனான். சட்டியளைக் கண்டனான். ஆனா இவவைக் காணேல்லை. காணாததை நான் கண்டன் எண்டு எழுதேலாது."

"உங்கட மெஷினுக்குக் கோட் தெரியாது எண்டு அக்கா சொல்லியிருக்கிறா. கற்பூரமும் தெரியாதாக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குசினிக்குள் நடந்த கதையைப் போய்ச் சொல்லியிருக்கிறேனே என்று. மிஸ்டர் வெதர்பி என்னைப் பார்க்கவில்லை. சாந்தினியிடம் தன்னால் ஏலுமானதைச் செய்வதாகச் சொன்னார்.

எழுதினார். முடிவு எடுத்த கந்தோருக்கு, இப்படி ஒரு வழக்கம் இந்தச் சனத்திடம் இருக்கிறது, நான் கண்டிருக்கிறேன் என்று எழுதினார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பதில் வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். கீழே அவருடைய வரியையே எடுத்துப் போட்டு, விலக்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

மவுரீன் வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கினம். உங்கட கையெழுத்து ஒண்டுதான் குறை" என்றா. அவரிடம் அப்படிக் கதைக்கக்கூடிய ஒரே ஆள் அவ. அவர் சிரிக்கவில்லை.

5. வளவுக்குள்

அந்தச் சட்டத்தில் சில்லறைத் திருத்தங்கள் செய்ய வேறொரு சட்டம் அதே கமிட்டிக்கு வர இருந்தது. அதற்குள் புகுந்து தன் வரியை மாற்றலாம், மாற்றினால் சாந்தினியின் முடிவைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்று அவருக்குத் தெரியும். கட்சி விரும்பாது. மற்றவர்களைக் கட்சிச் சொல்லுக்கு வாக்குப் போடவைக்கிற ஆளுக்கு விப் என்று பெயர். அந்த விப் போன் எடுத்து, பேசாமல் இருக்கச் சொன்னாராம்.

ஒரு பின்னேரம் மிஸ்டர் வெதர்பி என்னிடம் வந்தார்.

"மிஸஸ் பி, அந்தச் சட்டியை நான் பிடிச்சுப் பார்க்கலாமோ?"

"அது விளையாட்டுக்குச் செய்யிறேல்லை" என்றேன். அவருக்கு எதிர்த்து நான் சொன்னது அது ஒன்றுதான்.

"விளையாட்டுக்கு இல்லை. நான் தொட்டுப் பார்க்காததைப் பற்றி எழும்பி நிண்டு கதைக்கிறேல்லை."

கடைக்குப் பின்னால் இருந்த வளவில், வெறும் பெட்டிகளுக்கு நடுவில், யோகன் சட்டியும் கற்பூரமும் கொண்டுவந்து வைத்தார். வேப்பிலை கடையில் பாக்கெட்டில் விற்கிறார்கள். மவுரீன் வாளியில் தண்ணீரோடு நின்று, "நான் இதைக் கண்டதாக ஒருவருக்கும் சொல்லப்போறேல்லை" என்றா. நான் அவருடைய சப்பாத்தைக் காட்டினேன். விளங்கிக்கொண்டார். கழற்றிவிட்டு ஈரச் சீமெந்தில் சொக்ஸோடு நின்றார்.

கொளுத்தினேன். அம்மாளாச்சி, குறை நினைக்காதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கையில் குடுத்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடியில் நெருப்புத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பிடித்தார். வேப்பிலை கருகத் தொடங்கினது.

"எவ்வளவு தூரம் நடக்கிறவை?"

"கோயில் வீதி முழுக்க."

குனிந்து சட்டியைப் பக்குவமாய் நிலத்தில் வைத்தார். போட்டு உடைப்பார் என்று நினைத்தேன், உடைக்கவில்லை. விரலை வாளிக்குள் விட்டபடி, "அவ ஏன் கீழ வைக்கேல்லை?" என்று கேட்டார்.

யோகன் சொன்னார்: "புருசன் ஐயா."



அடுத்த நாள் விடிய மழை. நான் பஸ்ஸால் இறங்கி வரும்போது மிஸ்டர் வெதர்பி கந்தோர்க் கதவடியில் நிற்கிறார். விரலை வைக்கிறார், சிவப்பு. ஊதிவிட்டு வைக்கிறார், சிவப்பு. மற்றக் கையும் அப்படித்தான். மவுரீன் இன்னும் வரவில்லை. தலையில் இருந்து தண்ணீர் வடிந்தது. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். ஒரு பெரிய மனுசனை அப்படிப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவரே திரும்பிக் கண்டுவிட்டார்.

"மிஸஸ் பி, இவ்வளவு நாளும் நீங்கள் எப்பிடி உள்ள வந்தனீங்கள்?"

"பின்னால. கடைக்குள்ளால."

"அடுத்த வெர்ஷனில சரிவரும் எண்டு சொன்னனான், என்ன."

"ஓம், சொன்னனீங்கள்."

சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். யோகன் பாண் ரொட்டித் தட்டை அடுக்கிக்கொண்டு நின்றவர், ஒதுங்கி வழி விட்டார். "குட் மோர்னிங் ஐயா. ஸ்டாஃப் வாற வழி இதுதான்" என்றார். மிஸ்டர் வெதர்பி அவருக்கும் குட் மோர்னிங் சொன்னார்.

6. கமிட்டி அறை

தன் வரியில் விலக்கு ஒன்று சேர்க்கச் சொல்லி அவர் கமிட்டியில் எழும்பிக் கதைத்த நாளில் மவுரீன் என்னையும் கூட்டிக்கொண்டு போனா. வெஸ்ட்மின்ஸ்டரில் பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். கமிட்டி அறையின் பின்னுக்குப் பொதுச்சனம் இருக்கக் கதிரை உண்டு. சுவர் முழுக்க மரம், பெரிய பெரிய படங்கள். நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓரத்தில் இருந்தேன்.

அவர் எழும்பினார். விரலில் பிளாஸ்டர். பேப்பரைப் பிரட்ட முடியாமல் கஷ்டப்பட்டார். தாயின் கோட்டுக் கதையைச் சொன்னார். கவுண்டரில் இருந்தவன் கோட்டைப் பார்த்தான், ஏன் போட்டாய் என்று கேட்கவில்லை என்றார். நான் நம்பின மெஷினும் விரலைப் பார்த்தது, ஏன் என்று கேட்கவில்லை என்றார். இரண்டும் ஒன்று என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்துவிட்டது என்றார். இதெல்லாம் பிறகு மவுரீன் எனக்கு ஆறுதலாய்ச் சொல்லித் தந்தது. அப்போது எனக்கு விளங்கினது கோட் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அவருடைய கட்சிக்காரரே ஒருவர் எழும்பினார். இளம் ஆள், நல்ல கோட்.

"என் மதிப்புக்குரிய நண்பர், ஒரு விலக்கு வைத்தால் ஆயிரம் ஓட்டை வரும் என்று எங்களுக்குப் படிப்பித்தவர். இனி வெங்காயம் உரிக்கிறவர்களுக்கும் ஒன்று வைப்போமோ?"

அறை சிரித்தது. மிஸ்டர் வெதர்பியும் கொஞ்சம் சிரித்தார். மரியாதைக்காக.

அவர் கேட்ட மாற்றத்துக்குப் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராய் ஓம், இல்லை கேட்டார்கள். கணக்கு எடுக்கத் தேவையில்லை, கேட்கவே விளங்கினது. இல்லை, இல்லை, இல்லை. அவர் கதிரையில் இருந்துவிட்டார். பேனையை மூடியோடு பொருத்தப் பார்த்தார், பிளாஸ்டர் விடவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி வாங்கி மூடிக் குடுத்தா.

வெளியில் நீளக் கொரிடோரில் எங்களிடம் வந்தார். "மன்னிக்கோணும் மிஸஸ் பி" என்றார். பைக்குள் இருந்த, கோயில் விபூதி மடித்த காகிதச் சரையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதை ஸ்க்ரூ டிரைவர் இருந்த பொக்கட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த முறை கமிட்டிக்கு ஆள் எடுத்தபோது அவருடைய பெயர் இல்லை.

7. பச்சை லைட்

சாந்தினி கிழமைக்கு ஒருதரம் குடிவரவுக் கந்தோருக்குப் போய்ச் சைன் வைக்கவேண்டும். அப்படிப் போன ஒரு நாளில் அங்கேயே மறித்துவிட்டார்கள். கொண்டுபோய் அடைத்து வைத்த இடத்தில் விரல்களுக்குப் புதுத்தோல் வந்து ரேகையும் வந்தது. திரும்ப மெஷினில் வைத்தார்கள். வாசித்தது. வேறு எந்த நாட்டிலும் அவவின் விரல் பதிந்திருக்கவில்லை. அவ சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

மவுரீன் போனை வைத்துவிட்டு வந்து இதைச் சொன்னபோது நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அப்ப விடுவினம்தானே?"

"இல்லை, லவ்."

விரலை வேண்டுமென்று அழித்தவர் என்று பதிந்தது பதிந்ததுதான். அதை எடுக்க அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு வழி வைக்கவில்லை. மிஸ்டர் வெதர்பி மந்திரியிடம் நேரே போனார். வாசலில் காத்திருந்து கதைத்தார். முப்பது வருசத்தில் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன் என்றாராம். மந்திரி நல்லாய்த்தான் கதைத்தாராம். ஆனாலும் சாந்தினியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு போன் வந்தது, யோகனின் கடைக்கு. மேலே நின்ற என்னைக் கீழே கூப்பிட்டார். ஓடிவந்து எடுத்தேன்.

"வந்து இறங்கிட்டன் அன்ரி."

"ஆரும் வந்தவையோ பிள்ளை, கூட்டிக்கொண்டு போக?"

"ஓம், வந்து நிக்கினம்."

"ஆர்?"

"போனை வைக்கட்டாம் அன்ரி" என்றா. வைத்துவிட்டா.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் விசாரித்தோம். யோகன் ஜெர்மனியில் இருக்கிற ஆக்கள் வரைக்கும் கேட்டார். மிஸ்டர் வெதர்பி தூதரகத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். புருசன் கதையும் இல்லை, அவவின் கதையும் இல்லை.

அடுத்த எலெக்சனில் அவர் நிற்கவில்லை. வயது போய்விட்டது என்று பேப்பரில் போட்டார்கள். அவர் கொண்டுவந்த இன்டர்நெட் சட்டங்களைப் பற்றியும், பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துக்குடுத்த கம்ப்யூட்டர்களைப் பற்றியும் நல்லதாய் எழுதியிருந்தார்கள். அதுவும் உண்மைதான். கந்தோரைக் காலி பண்ணின நாளில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கதவுப் பெட்டியைத் தானே கழற்றினார். கழற்றின இடத்தில் ஓட்டை. அதால் குளிர்காற்று வந்தது. நான் பழைய துவாய்த் துண்டு ஒன்றைச் சுருட்டி அதற்குள் அடைத்தேன். அவர் அதைப் பிடித்துப் பார்த்து, இறுக்கமாய் இருக்கிறது என்றார். பெட்டியைக் குப்பைக்குள் போடவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோனார். பிறகு நான் அவரைக் காணவில்லை. காலமாகிவிட்டார் என்று மவுரீன் கிறிஸ்மஸ் கார்ட்டில் எழுதியிருந்தா.

பிள்ளைகளே, உங்களில் கனபேர் இப்போது கம்ப்யூட்டரில் வேலை செய்கிறீர்கள். சனம் அமத்துகிற பட்டனைச் செய்கிறவர்கள் நீங்கள். ஓம், இல்லை என்று இரண்டு பட்டன் வைத்தால், ஏன் என்று கேட்க ஒரு ஆளையும் பக்கத்தில் வையுங்கள். கதவு திறக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அடுத்த வெர்ஷன் என்று சொல்லாதீர்கள். இறங்கிப் போய்த் திறந்து விடுங்கள். எனக்கு அந்த வேலையில் தெரிந்தது இவ்வளவுதான்.

தேருக்கு இப்போதும் போகிறேன். கற்பூரச்சட்டி வரிசை தொடங்குகிற இடத்தில் நிற்பேன். எனக்கு ஆக்களோடு கதைக்கக் கூச்சம் என்று முதலே சொன்னேன். ஆனால் அந்த இடத்தில் ஒவ்வொரு பிள்ளையாய்க் கேட்பேன்.

"பிள்ளை, உமக்குக் கைரேகை குடுக்கிற அலுவல் ஏதும் இருக்கே?"

கொஞ்சப்பேர் முறைப்பார்கள். கொஞ்சப்பேர் தலையைக் குனிவார்கள். குனிகிறவரின் சட்டியை நான் வாங்குவேன். ஒருவரின் நேர்த்தியை இன்னொருவர் தூக்க முடியாது என்று கோயில் ஐயர் சொல்லிப் பார்த்தார். நான் சட்டியை விடவில்லை. என்ர விரலை எந்த மெஷினும் வாசிக்காது. அந்தப் பிள்ளையை என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரச் சொல்லிவிட்டு, தேர் இருப்புக்கு வரும்வரைக்கும் நடப்பேன்.